சிரித்துக்கொண்டே போனாள் என்று சொன்னேன்

என் லலிதா அக்காவுக்கு,

முதலில் வீட்டுச் செய்தி. கரமனையில் மழை விட்டு நாலு நாள் ஆகிறது. ஆறு படித்துறையின் மேல்படி வரைக்கும் ஏறிவிட்டு இப்போதுதான் இறங்கியிருக்கிறது. கூடத்து மின்விசிறி பழையபடி திணற ஆரம்பித்தது, கண்டென்சர் மாற்றிவிட்டேன். உன் கட்டிலை இன்னும் பிரிக்கவில்லை. பிரிக்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன்.

சனிக்கிழமை வகுப்பு நிற்கவில்லை. நீ எழுதி வைத்த நோட்டுகளைப் பார்த்துப் பரமேஸ்வரன் சார் வாசிக்கிறார். பன்னிரண்டு பேர் வந்த இடத்தில் இப்போது முப்பது பேர் வருகிறார்கள். செருப்பு வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிடுகிறது. கேட்டால் சந்தோஷப்படுவாய் என்றுதான் தோன்றும். ஆனால் அக்கா, அவர்கள் நீ சொன்ன கதைகளைக் கேட்க வரவில்லை. நீ எப்படிச் செத்துப்போனாய் என்பதைக் கேட்க வருகிறார்கள். அவர்கள் கேட்டுவிட்டுப் போவது நான் சொன்ன ஒரு பொய்.

இது நம்மைத் தெரியாதவர்கள் கையிலும் கிடைக்கலாம். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

முப்பத்திரண்டு வருஷம் நீ கருவூல அலுவலகத்தில் குமாஸ்தா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் சமஸ்கிருதம் படித்தாய், வேதாந்தம் படித்தாய், பிறகு நம் வீட்டுக் கூடத்தில் வகுப்பு தொடங்கினாய். முதலில் ஒரு புராணக் கதை, பிறகு அதற்குள் இருப்பது என்ன என்று பேச்சு. வந்தவர்கள் எல்லோரும் உன்னை 'டீச்சர்' என்று கூப்பிட்டார்கள். நான் எலக்ட்ரிகல் சூப்பர்வைசராக இருந்தவன், கோயிலுக்குப் போகாதவன். என் மனைவி இறந்த பிறகு உன்னோடு வந்து ஒண்டிக்கொண்டேன். மைக் வைத்துக் கொடுத்துவிட்டு அடுத்த அறையில் பேப்பர் படிப்பேன். ஆனால் நடுச்சுவர் மெல்லியது. பதினோரு வருஷம் நீ சொன்னது எல்லாம் என் காதிலும் விழுந்தது.

நீ அடிக்கடி சொன்னது மான் வளர்த்த ராஜாவின் கதை. நாட்டை விட்டார், பெண்டாட்டி பிள்ளைகளை விட்டார், காட்டில் போய்த் தவம் இருந்தார். வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வந்த ஒரு மான்குட்டியை மட்டும் விட முடியவில்லை. சாகும்போது அந்தக் குட்டியையே நினைத்துக்கொண்டு செத்தார், அடுத்த பிறவியில் மானாகப் பிறந்தார். கதையை முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்துவாய். "கடைசி மூச்சுல மனசு எங்க நிக்கறதோ, அங்கயாக்கும் நாம போறது. அன்னிக்குப் பாத்துக்கலாம்னா நடக்காது, கேட்டேளா? இன்னிலேர்ந்தே பழகணும்."

உனக்கே அந்த நாள் வந்தபோது கணையத்தில் புற்றுநோயாக வந்தது. கண்டுபிடித்து மூன்று மாதம்கூட இல்லை.

அந்த வியாழக்கிழமை மத்தியானத்தை நான் எழுதியாக வேண்டும். ஆஸ்பத்திரியில் நீ படுத்து ஒன்பதாவது நாள். நான் சரியாகத் தூங்கி அத்தனை நாள் ஆகியிருந்தது. கஞ்சி கொடுத்தேன், வாந்தி எடுத்தாய், துடைத்தேன். பாத்திரம் கழுவ எழுந்தபோது என் கையைப் பிடித்தாய்.

"மணி, எங்கயும் போகாதேடா. எனக்குப் பயமா இருக்கு."

"தோ, வந்துடறேன்."

"இல்லேடா. ரொம்பப் பயமா இருக்கு. கண்ணை மூடினா ஒண்ணுமே இல்லாம இருக்குடா."

உன் முகம் நான் பார்த்திராத முகமாக இருந்தது. எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். எதன் மேல் என்று இன்றுவரை தெரியவில்லை. பதினோரு வருஷமாக என்னை அடுத்த அறையில் உட்கார வைத்த அந்தப் பேச்சின் மேலா? எனக்கு ஒரு பிடிப்பும் இல்லை, உனக்காவது இருக்கிறது என்று நான் நம்பியிருந்தது பொய்த்துப்போனதாலா?

"ஊருக்கெல்லாம் சொன்னியே அக்கா, உடம்பு நான் இல்லே, மனசு நான் இல்லேன்னு," என்றேன். "அப்போ இப்ப பயப்படறது யாராக்கும்?"

நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு, பதில் தெரியாத குழந்தை வாத்தியாரிடம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாய்:

"தெரியலைடா."

என் கையை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அதன் பிறகு பயம் என்ற வார்த்தையை நீ சொல்லவே இல்லை. வெள்ளிக்கிழமை முழுக்கப் பேசாமல் கிடந்தாய். சனிக்கிழமை காலை, ஏழு மணி இருக்கும், மூச்சு இரைக்க ஆரம்பித்தது. "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டாய். செத்து முப்பது வருஷமான அம்மாவை, நாலு வயதுப் பெண் கூப்பிடுவதுபோல. என் பக்கம் திரும்பவில்லை. நான் உன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான் நடந்தது, அக்கா. பகவான் பெயரும் இல்லை, சிரிப்பும் இல்லை.

பதிமூன்றாம் நாள் வகுப்புக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பாயசம் பரிமாறி முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தபோது பரமேஸ்வரன் சார் கேட்டார். பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்தவர், கேள்வியையே பதில்போலக் கேட்பார்.

"டீச்சர் நாமஜபத்தோடதானே போயிருப்பா, மணி? மொகம் பிரசன்னமா இருந்திருக்குமே?"

பன்னிரண்டு முகங்கள் என்னைப் பார்த்தன. செல்வி ஜன்னலோரம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிள்ளிப்பாலத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் முருகேசனின் மனைவி, வள்ளியூர்ப் பக்கத்துக்காரி. அடுப்பை அணைத்துவிட்டு வாரம் தவறாமல் உன் வகுப்புக்கு ஓடி வருவாளே, அவள்தான்.

"ஆமாம்," என்றேன். "பகவான் பேரைச் சொல்லிண்டே போனா. சிரிச்சுண்டே போனா."

அதைச் சொன்னதும் கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. இரண்டு பேர் அழுதார்கள், சந்தோஷமாக. எனக்கும் அந்த நிமிஷம் ஆறுதலாகத்தான் இருந்தது. உன்னைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன். காப்பாற்றியது உன்னையா, வியாழக்கிழமை மத்தியானத்தில் நின்ற என்னையா?

பொய் வளர்ந்தது. அடுத்த வாரம் பரமேஸ்வரன் சார் வகுப்பை அதைச் சொல்லித்தான் தொடங்கினார். ஒரு மாதத்தில் நீ மூன்று நாள் முன்பே நாளைக் குறித்துச் சொன்னதாக ஆயிற்று. யாரோ உன் படத்தைச் சட்டம் போட்டுக்கொண்டு வந்தார்கள். கிழக்கேகோட்டையிலிருந்தும், பாப்பனங்கோட்டிலிருந்தும் பஸ் ஏறி ஆட்கள் வந்தார்கள். நான் மைக் வைத்துக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவேன். பேப்பரை விரித்து வைத்துக்கொள்வேன். ஒரு வரி ஓடாது.

போன மாதம் ஒரு காலை முருகேசன் வந்தார். கடையை விட்டு அந்த நேரத்தில் வராத மனிதர். வாசலிலேயே நின்றார்.

"அண்ணாச்சி, செல்விக்கு முடியல. கர்ப்பப்பையில வந்தது எலும்புக்குப் பரவிட்டுதாம். இனி வீட்டுல வச்சுப் பாருங்கன்னுட்டாவ."

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வகுப்புக்கு வரவில்லை, கடையில் வேலை இருக்கும் என்று நினைத்தேன்.

"வலிக்கு மாத்திரை குடுத்திருக்காவ. அதைத் தொட மாட்டேங்கா. பல்லைக் கடிச்சிக்கிட்டுக் கிடக்கா. தின்னா மயக்கமாயிருமாம், கடைசி நேரத்துல சாமி பேரு வாயில வராதாம். டீச்சர் தெளிவாப் போனாவ, நானும் தெளிவாப் போவணும்ங்கா. நீங்க சொன்னா கேப்பா அண்ணாச்சி. டீச்சர் கூடப் பொறந்தவுக நீங்க."



அன்றே போனேன். கடைக்கு மேல் மாடியில் ஒரே அறை. கீழே சாம்பார் கொதிக்கும் வாசனை மேலே வரைக்கும். வலி பார்க்க வீடு வீடாக வரும் நர்ஸ் அப்போதுதான் வந்திருந்தாள், மலையாளிப் பெண். மாத்திரை அட்டை பிரிக்காமல் இருப்பதைப் பார்த்துவிட்டு, "மருந்து கழிக்காதெ எங்ஙனெயா சேச்சி?" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். மருந்து சாப்பிடாமல் எப்படி அக்கா என்று. செல்வி உதட்டைக் கடித்ததில் ரத்தம் கட்டியிருந்தது. தலைமாட்டில், அகர்பத்திக்குப் பக்கத்தில், உன் படம்.

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். "டீச்சர் மாதிரி எனக்கு வரமாட்டேங்கு அண்ணாச்சி," என்றாள். "பேரு சொல்லச் சொல்லப் பயந்தான் வருது. நான் ஒழுங்காப் படிக்கலையோ?"

நான் சொல்லியிருக்க வேண்டும், அந்த இடத்திலேயே. "மாத்திரை சாப்பிடும்மா" என்று மட்டும் சொன்னேன். தலையை ஆட்டினாள், சாப்பிடமாட்டாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். படி இறங்கி வந்துவிட்டேன். கோழை என்றால் நான்தான்.

அங்கிருந்து நேராகப் பரமேஸ்வரன் சார் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நீ பயந்தது, நான் கேட்டது, நீ அம்மாவைக் கூப்பிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வெளியில சொல்லாதே," என்றார் கடைசியில்.

"அவ வலியில துடிக்கறா சார்."

"மருந்து சாப்பிட வைக்க வேற வழி பாக்கலாம். டாக்டரை விட்டுச் சொல்லச் சொல்லு. ஆனா இதைச் சொன்னா முப்பது பேருக்கு இருக்கற பிடிமானம் போயிடும். நன்மைக்குச் சொன்ன பொய் பொய்யில்லே, மணி. தர்மபுத்திரரே யுத்தத்துல ஒரு பொய் சொல்லலியா?"

மெல்லிய சுவர் வழியாக அந்தக் கதையையும் நான் கேட்டிருக்கிறேன், அக்கா. "சொன்னார் சார்," என்றேன். "மகன் செத்துட்டான்னு நம்பின ஆசாரியர் ஆயுதத்தைக் கீழே போட்டுட்டு உக்காந்துட்டார். அப்பறம் அவர் தலை என்ன ஆச்சு? இவ மருந்தைக் கீழே போட்டுட்டு உக்காந்திருக்கா."

நான் கிளம்பும்போது அவர் வாசல் வரை வந்தார். "உங்க அக்காவுக்கு நீ துரோகம் பண்ணப்போறே," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் எழுபத்தொன்பது வயது. அவருக்கும் அந்தப் பொய் வேண்டியிருக்கிறது.

மறுநாள் காலை பத்து மணிக்குத் திரும்பப் போனேன். முருகேசனைக் கீழே கடையில் இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் ஏறினேன். முன்னுரை எதுவும் சொல்லத் தெரியவில்லை.

"செல்வி, நான் சொன்னது பொய். அக்கா சிரிச்சுண்டு போகலே. பயந்துதான் போனா."

மீதியையும் சொன்னேன். நான் உன்னிடம் கேட்ட கேள்வியையும் சொன்னேன்.

"ஏழு மாசமா எங்க எல்லாத்துக்கிட்டயும் பொய் சொன்னியளா?" வலியில் கிடந்தவளுக்கு அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "எத்தனை நாளு நான் ஒறங்காமக் கிடந்தேன் தெரியுமா? டீச்சர் மாதிரி ஆவணும், டீச்சர் மாதிரி ஆவணும்னு... வெளிய போங்க அண்ணாச்சி."

போகவில்லை. போகத் தெரியாமல் நின்றேன். அவள் அழுதாள். முருகேசன் கீழேயிருந்து கேட்டுவிட்டுப் பாதிப் படி ஏறி வந்து அங்கேயே நின்றுவிட்டார். வெகுநேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"டீச்சருக்குமா பயம்?"

"ஆமாம்மா."

"டீச்சருக்கேவா?"

"ஆமாம்."

"அப்ப நான் படிச்சது தப்பில்ல, அப்படித்தானே?"

தலையை ஆட்டினேன். அவள் மாத்திரை அட்டையைக் கண்ணால் காட்டினாள். பிரித்துக் கொடுத்தேன். முழுங்கினாள். முக்கால் மணி நேரத்தில் அவள் புருவத்துக்கு நடுவில் இருந்த முடிச்சு தளர்ந்ததை நானும் முருகேசனும் பார்த்துக்கொண்டே இருந்தோம். அவர் சுவரில் தலையை முட்டிக்கொண்டு சத்தம் இல்லாமல் அழுதார். அன்று சாயங்காலம் இரண்டு இடியாப்பம் சாப்பிட்டாளாம்.

அதன் பிறகு தினமும் போகிறேன். குணமாகப் போவதில்லை, அவளுக்கும் தெரியும். தூக்கம் வருகிறது, நடுநடுவே தெளிவாகப் பேசுகிறாள். முந்தாநாள் திடீரென்று கேட்டாள்.

"முதலை காலைப் பிடிச்ச யானைக் கதை டீச்சர் சொல்லுவாவளே, நீங்க கேட்டிருக்கியளா?"

"கேட்டிருக்கேன்."

"அந்த யானை என்ன, சம்மணம் போட்டு உக்காந்து கண்ணை மூடியா சாமியைக் கூப்பிட்டுது? வலியில அலறிச்சு. பயத்துல அலறிச்சு. அதுக்குத்தானே சாமி ஓடி வந்தாரு? டீச்சரும் அலறினாவ. தப்பா அது?"

நீ எத்தனையோ தடவை சொன்ன கதை. அதற்குள் இது இருப்பதை நீயும் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். பார்த்திருந்தால் அந்தக் கடைசி இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு கிடந்திருப்பாயா? நீ மூடிக்கொண்டது என்னால்தானே?

செல்வி நம்புகிறாள், உனக்கும் சாமி வந்திருப்பார் என்று. எனக்கு அந்த நம்பிக்கை இன்னும் வரவில்லை, அக்கா. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். யானை அலறியபோது யார் வந்தாரோ எனக்குத் தெரியாது. நீ அலறியபோது வந்தது யார் என்று மட்டும் தெரியும். நான்தான் வந்தேன். வந்து, கேள்வி கேட்டேன். அது ஞானிகள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. அதை எடுத்து நோயாளியின் முகத்தில் எறிந்தேன்.

நேற்று அவளிடமிருந்து கிளம்பும்போது அவள் சொன்னாள்: "எங்கிட்டச் சொல்லிட்டிய. டீச்சர்கிட்டச் சொன்னியளா அண்ணாச்சி?"

அதனால்தான் எழுதுகிறேன். நான் கேட்டது தப்பு, அக்கா. நீ என்னை மன்னித்துவிட்டுத் திரும்பிப் படுத்தாயா, மன்னிக்காமல் திரும்பிப் படுத்தாயா? இனி அதை யாரிடம் கேட்பேன்? அந்த மான் கதையை நீயே முழுசாக நம்பினாயா? நம்பியிருந்தால், உன் மனது அம்மாவிடம் போய் நின்றதே, இப்போது எங்கே இருக்கிறாய்? அம்மாவிடம் போய்ச் சேர்ந்திருந்தால் அதில் என்ன குறை என்று, சாமி கும்பிடாத எனக்குத் தோன்றுகிறது.

நாளை சனிக்கிழமை. பரமேஸ்வரன் சார் காலையில் போன் பண்ணி, "யோசிச்சுக்கோ" என்று மட்டும் சொன்னார். யோசித்துவிட்டேன். எத்தனை பேர் எழுந்து போவார்கள் என்று தெரியாது. உன் படத்தைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் இருப்பார்கள். சார் இனி வராமல் போகலாம். நான் பாதியில் நிற்கவும் நிற்கலாம்.

ஆனால் அந்த முப்பது பேரில் இன்னொருவர் வீட்டில் இப்போது பிரிக்காத மாத்திரை அட்டை ஒன்று இருக்கலாம், அக்கா. அதை நினைத்தால் உட்கார முடியவில்லை.

ஆகையால் உனக்குச் சத்தியம் செய்கிறேன். நாளை மைக்கை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போகமாட்டேன். அதன் முன்னால் நானே உட்காருவேன். என் அக்கா எல்லாம் படித்தவள், படித்ததை மனசாரச் சொன்னவள், சாகும்போது நம் எல்லோரையும் போலப் பயந்தவள் என்று, உன் பெயரைச் சொல்லி, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வேன்.

உனக்குப் பின்னால் பிறந்தவன், உனக்குக் கடைசியாகக் கஞ்சி கொடுத்தவன்,
உன் தம்பி மணி
கரமனை